மேசைக்கடியில் ஒரு நீல டிரம்

ஜனவரி 19, திங்கள்
ஓடிய தாள்: 1,18,204

ஜெராக்ஸ் மிஷினுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள் என்று எபநேசர் அண்ணன் மூன்று வருடமாகச் சொல்கிறார். தேதி, எத்தனை தாள் ஓடியது, என்ன கோளாறு, எந்தப் பாகம் மாற்றியது. இன்று சர்வீசுக்கு வந்தபோது நோட்டையும் கையோடு வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டார். இனித் தப்பிக்க வழியில்லை, எழுதுகிறேன்.

கோளாறு: தாளின் வலது ஓரத்தில் நீலப் புள்ளி. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அண்ணன் ஸ்கேல் வைத்து அளந்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்பது புள்ளி நாலு சென்டிமீட்டர்.

"டிரம் ஒரு சுத்துச் சுத்துனா இம்புட்டுத் தூரம். புள்ளி இதே அளவுல திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா டிரம்முதான் கள்ளன். இதவிடக் கூடுதலா வந்தா, சூடு பண்ற ரோலர். அளக்காம எதையும் மாத்தாதீங்கம்மா. அளந்துட்டா மாத்தாம இருக்காதீங்க."

கருப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மையைத் தாளில் ஏற்ற நாலு டிரம். தேய்ந்தது நீலம். புதியது ஒன்றைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். புள்ளி ஓரத்தில் விழுவதால் ஒரு வாரம் ஓட்டலாமாம். மாற்றச் சொல்லி மிஷினே செய்தி காட்டிவிட்டால் அதற்கப்புறம் ஒரு தாள்கூட ஓட்டக்கூடாதாம். மாட்ட எனக்கே தெரியும், ஐந்து நிமிட வேலை. பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவைத்தேன்.

ஜனவரி 21, புதன்
ஓடிய தாள்: 1,18,530

மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்தும் சௌந்தரம் அம்மா இன்று மூன்று தடவை படியிறங்கி வந்தார். போடியில் எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை நாலு இருந்தாலும், பெண், மாப்பிள்ளை விவரத்தாள் எல்லாம் என் கடையில்தான் அடிப்பார். ஒரு தாளில் பெயர், ராசி, நட்சத்திரம், படிப்பு, வேலை. கீழே வலது பக்கம் போட்டோ.

"என்னத்தா பண்ணுன மிஷினை? மொகமெல்லாம் அம்புட்டு லட்சணமா விழுது."

நான் ஒன்றும் பண்ணவில்லை. அவர் போனபிறகு ஒரு தாளைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். திரையில் மாநிறமாக இருந்த பெண், தாளில் பால்கோவா மாதிரி இருந்தாள். டிரம் தேய்ந்து நீலம் சரியாக ஏறாததால், முகத்தில் இருக்கவேண்டிய கருமையும் ஏறவில்லை. அந்தப் பெண்ணின் பச்சைத் தாவணி மஞ்சளாகியிருந்தது. அதை யார் கவனிக்கப்போகிறார்கள்.

ஜனவரி 24, சனி
ஓடிய தாள்: 1,19,012

காலை பதினொரு மணிக்கு மிஷின் நின்றுவிட்டது. நீல டிரம்மின் ஆயுள் முடிந்தது, மாற்றவும் என்று செய்தி.

மாற்றியிருப்பேன். ஆனால் தை முகூர்த்த வேலை தலைக்குமேல் கிடக்கிறது. கலர் திடீரென்று மாறினால், பாதி அடித்த பத்திரிகைக்கும் மீதிக்கும் ஒட்டாது. அதனால் முன்மூடியைத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தேன். புதிய டிரம் பொருத்தியாயிற்றா என்று மிஷின் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மிஷின் நம்பிவிட்டது. டிரம் கணக்கை மட்டும் பூச்சியத்திலிருந்து ஆரம்பித்து, நல்ல பிள்ளையாக ஓடுகிறது.

மதியம் வினோதாவின் விவரத்தாளை அடித்து மாடிக்குக் கொடுத்தேன். ஆறு பிரதி.

வினோதா என் தங்கை. வயது இருபத்தொன்பது, தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இதுவரை ஐந்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பொங்கலன்று அம்மாவிடமும் என்னிடமும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் எவன் முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு நிக்க மாட்டேன். கையப் புடிச்சு இழுத்தாலும் வரமாட்டேன்."

சொன்னால் செய்பவள் அவள். எனக்கு அதுதான் பயம்.

ஜனவரி 25, ஞாயிறு

கடை விடுமுறை. உட்கார முடியவில்லை. பரணை ஒதுங்கவைத்தேன், பிறகு மறுபடியும் ஒதுங்கவைத்தேன். அம்மா, "ஒனக்கு என்னடி பேயா புடிச்சிருக்கு" என்றாள்.

ஜனவரி 28, புதன்
ஓடிய தாள்: 1,19,640

எபநேசர் அண்ணன் போனில் கேட்டார். "போட்டாச்சாம்மா?" போட்டாச்சு என்றேன். நல்லது, புள்ளி நின்றுவிட்டதா என்றார். நின்றுவிட்டது என்றேன். புள்ளி இப்போது நாலு இடத்தில் விழுகிறது. ஓரத்தை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஓர் அம்மா ஜாதகம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். உத்தமபாளையம் பக்கமாம். பையிலிருந்து ஒரு தாளை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் சாமிப் பூ ஒட்டியிருந்தது. வினோதாவின் தாள்.

நான் அக்கா என்று அவருக்குத் தெரியாது. அவராகவே பேசினார். "சாமி முன்னாடி பூக்கட்டிப் பாத்தோம்மா. சின்னப்புள்ளைய விட்டு எடுக்கச்சொன்னா வெள்ளைப் பூவுதான் வந்துச்சு, சாமி உத்தரவு குடுத்துருச்சு. எம்மகன் தோட்டக்கலை ஆபீசுல இருக்கான். இத நீதான அடிச்ச? மாடியில சொன்னாக. அந்தப் பொண்ணப் பாத்திருக்கியா? நேர்லயும் இப்படித்தான் இருக்குமா?"

தலையை ஆட்டினேன்.

அவர் வேறு ஏதோவும் சொன்னார். நான் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் போனபிறகு காலை நீட்டியபோது பெட்டி இடித்தது. அந்தப் பெட்டி எப்போது பார்த்தாலும் காலில் இடிக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி
ஓடிய தாள்: 1,19,905

பிப்ரவரி 8 ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் அருள்செல்வன். அம்மா எட்டு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 2, திங்கள்
ஓடிய தாள்: 1,20,188

இன்று பெட்டியைப் பிரித்தேன். டிரம்மைச் சுற்றிக் கருப்புக் காகிதம், வெளிச்சம் படக்கூடாது என்று. மாற்றிவிட்டு ஆறு தாளையும் புதிதாக அடித்து, சௌந்தரம் அம்மாவிடம் கொடுத்துப் பழையதை வாங்கிவிட்டால் என்ன என்று யோசித்தேன். ஒன்று உத்தமபாளையத்தில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அதை எப்படி வாங்குவது.

பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்
ஓடிய தாள்: 1,20,431

அம்மா முடிவு பண்ணிவிட்டாள்: போட்டோவில் கட்டியிருக்கும் சேலையையே வினோதா அன்றைக்கும் கட்டவேண்டும், அதுதான் ராசியான சேலையாம். மயில் கழுத்து நீலத்தில் பட்டுச் சேலை.

தாளில் அது நீலம் இல்லை. நீலம் சரியாக ஏறாமல் சிவப்பு தூக்கலாக விழுந்து, கத்தரிப்பூக் கலராக இருக்கிறது. முகம் கூட அன்றைக்கு அலங்காரத்தில், வெளிச்சத்தில் முன்னேபின்னே தெரியலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். சேலைக்கு என்ன சமாதானம் சொல்வது.

பிப்ரவரி 5, வியாழன்

கடையை மதியமே அடைத்துவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன். நாலு ஜவுளிக்கடை ஏறி இறங்கினேன். கையில் தாளை வைத்துக்கொண்டு இதே கலர், இதே மாதிரி ஜரிகை என்று கேட்டேன். சேல்ஸ் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு உங்க சொந்தமா? நல்ல கலரா இருக்காங்க" என்றாள். ஐந்தாவது கடையில் கிடைத்தது. கிட்டத்தட்ட அதே சேலைதான், கலர் மட்டும் கத்தரிப்பூ.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் சேலைப் பையை வைத்துக்கொண்டு எனக்கே சிரிப்பு வந்தது. ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல், படத்துக்குத் தகுந்த மாதிரி உலகத்தை மாற்ற ஊர் ஊராய் அலைகிறேன்.

பிப்ரவரி 7, சனி
ஓடிய தாள்: 1,20,702

சேலையைக் கொடுத்தேன். வினோதா விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்குக்கா இது? போட்டோவுல நீலந்தான கட்டியிருந்தேன்."

"இது ஒனக்கு எடுப்பா இருக்கும்."

"இந்தக் கலர் கட்டுனா நான் இன்னும் கருப்பாத் தெரிவேன். ஒனக்குத் தெரியாதா? ஒனக்கும் அப்படித்தான."

நான் விடவில்லை. புதுச்சேலைதான் நல்லது என்றேன், நீலத்தில் ஓரிடத்தில் கறை இருக்கிறது என்றேன், கடைசியில் சகுனம் என்றுகூடச் சொல்லிப்பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயைத் தூக்கிப்பிடித்துப் பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பாள் போல. நீலத்தையே இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டினாள்.

விவரத்தாளை அவள் பார்த்ததில்லை. நான் போனில் அனுப்பிய படத்தைத்தான் பார்த்திருக்கிறாள். போனில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்
ஓடிய தாள்: 1,20,702

கடை திறக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து நின்றார். "நீ கடையில இருந்த பொண்ணுல்ல?" என்றார். ஆமாம், அக்கா என்றேன். "அன்னைக்குச் சொல்லவேயில்லையேம்மா" என்று சிரித்தார். அப்போது வெறும் சிரிப்புதான்.

வினோதா காபி கொண்டுவந்தாள். மயில் கழுத்து நீலம். அந்த அம்மா அவளைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் தடவிய மூலை கொஞ்சம் மடங்கியிருந்தது.

"இதுல கத்திரிப்பூக் கலரு கட்டியிருக்கேத்தா. அதே சேலை மாதிரியும் இருக்கு. ரெண்டு சேலை வச்சிருக்கியா?"

"இல்லைங்க. ஒரே சேலைதான்" என்றாள் வினோதா.

அந்த அம்மா தாளை டீப்பாயில் வைத்தார். வினோதா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாளின் வலது ஓரம் வெட்டப்பட்டிருந்ததை விரலால் தடவினாள். பிறகு தாளை இருந்த இடத்தில் வைத்து, காபியை ஆளாளுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை போகும்போது சமையலறைப் பக்கம் திரும்பி, "வர்றேங்க" என்றார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது.

வினோதா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. காலையில் குளித்து, டப்பாவில் சோறு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 11, புதன்
ஓடிய தாள்: 1,20,790

சௌந்தரம் அம்மா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தாலே தெரியும், சேதி நல்லதில்லை என்று.

"ஜாதகம் சேரலைன்னு சொல்லிடவான்னு கேட்டேன். வேணாம், உள்ளதச் சொல்லிருங்கன்னுட்டா அந்தம்மா. பொண்ணப் புடிச்சிருக்காம். பையனுக்கும் புடிச்சிருக்காம். 'ஆனா அக்காக்காரிகிட்ட நேருக்கு நேரா கேட்டேன், ஆமான்னு தலையாட்டுனா. சொந்தத் தங்கச்சின்னுகூடச் சொல்லல. இந்த ஒரு தாளுலயே இப்படின்னா, மத்ததுல எத நம்புறது? அந்த வீட்டுல எப்படிப் பொண்ணெடுக்குறது?' இதுதான் அவ சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

நிறத்துக்காக இல்லையா என்று கேட்டேன்.

"அந்தம்மாவே கருப்புதானத்தா. நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. மேசைக்கு எதிரே அரைமணி நேரம் நின்றவரை நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அவர் வேறு ஏதோ சொன்னார், தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. அவர் சொன்னது இதுதான்: "எங்க வீட்டுல எல்லாரும் கருப்பும்மா. இந்தப் பொண்ணு இம்புட்டுச் செவப்பா இருக்கே, எம்மகனை ஏத்துக்குமோ என்னமோன்னு பயந்துகிட்டு வருது."

அப்போது வாயைத் திறந்திருந்தால் போதும். இல்லைம்மா, மிஷினில் கோளாறு, என் தங்கை உங்களை மாதிரிதான் இருப்பாள். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. தலையை ஆட்டிவிட்டு நான் தாள் அடுக்கினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று வினோதா வேலைவிட்டு வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், புள்ளி, ஆம் என்று அழுத்தியது, தலையாட்டியது, சேலை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வினோதா காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

என் கதையை இந்த நோட்டில் எழுதக்கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதுகிறேன். எனக்குக் கல்யாணமான மூன்றாம் நாள், அவர் பீரோவிலிருந்து என் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு, "போட்டோவுல பாத்தது வேற ஆளு" என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. பதினொரு மாதம் என்னை வேறு ஆள் மாதிரியே நடத்தினார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்டூடியோக்காரன் வெளுப்பாக்கினானா, புரோக்கர் சொல்லி ஆக்கினானா, அப்பா சொன்னாரா, கேட்க அப்பாவும் இல்லை. என்னைக் கேட்காமல் யாரோ செய்தார்கள். எட்டு வருடமாக அந்த யாரோவைச் சபித்துக்கொண்டிருக்கிறேன்.

வினோதா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு யாரு பண்ணாகன்னு கடைசி வரைக்கும் தெரியல. எனக்குப் பண்ணுனது யாருன்னு தெரியும்" என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி
ஓடிய தாள்: 1,20,790

காலை ஒன்பது மணிக்கு நீல டிரம்மை மாற்றினேன். நாலரை நிமிடம் ஆனது.

பழைய டிரம் விளிம்பில் நகம் போல ஒரு கீறல். அதிலிருந்து கொட்டிய நீலத்தூள் பக்கத்தில் தாளை இழுத்துச் செல்லும் பெல்ட்டிலும் படிந்து, அதிலும் கோடு விழுந்திருக்கிறது. எபநேசர் அண்ணனுக்குப் போன் செய்து, அன்றைக்குச் சொன்னது பொய், இன்றுதான் மாற்றினேன் என்றேன்.

"பாகம் தேயுறது தப்பில்லைம்மா. அதுக்குத்தான வாங்கி வைக்கிறோம். தேஞ்சதத் தெரிஞ்சே ஓட்டுனா பக்கத்துல இருக்கிறதையும் தின்னுரும். பெல்ட்டுக்குச் சொல்லி வைக்கிறேன்."

முன்மூடியைச் சாத்தியதும் மிஷின் கேட்டது, புதிய டிரம் பொருத்தியாயிற்றா என்று. ஆம் என்று அழுத்தினேன்.

பிப்ரவரி 16, திங்கள்
ஓடிய தாள்: 1,20,964

சௌந்தரம் அம்மா இன்று அடித்த தாள்களோடு திரும்பி வந்தார். "என்னத்தா, எல்லாம் கருகிப்போய் விழுது. பழையபடி வைய்யி." பழையபடிதான் கோளாறு, இதுதான் சரி என்றேன். ஜனவரியிலிருந்து அடித்த தாளெல்லாம் கொண்டுவாருங்கள், திருப்பி அடித்துத் தருகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினார். எதிர்க்கடைக்குப் போனாலும் போவார். போகட்டும்.

வினோதா பேசுகிறாள். உப்பு எங்கே, சிலிண்டர் வந்ததா என்று. அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்
ஓடிய தாள்: 1,21,203

சௌந்தரம் அம்மா வந்தார். ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். அறுபத்திமூன்று பெண்கள், நாற்பது மாப்பிள்ளைகள். எல்லோரையும் திருப்பி அடித்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கடை விடுமுறை என்றாலும் பெல்ட் மாற்ற எபநேசர் அண்ணன் வந்திருந்தார். அவர் போய்க் கொஞ்சநேரத்தில் வினோதா வந்தாள். அதே மயில் கழுத்து நீலம் கட்டியிருந்தாள்.

"ஒரு போட்டோ எடுத்துப் பிரிண்ட் போடணும்" என்றாள், யாரோ வாடிக்கையாளர் மாதிரி.

எடுத்தேன். மூன்று தடவை எடுக்கவேண்டியிருந்தது. தாள் சூடாக வெளியே வந்தது. நீலம் நீலமாக இருந்தது. முகம் அவள் முகமாக இருந்தது, மூக்குக்குப் பக்கத்து மச்சம் உட்பட. மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து மேலிருந்து கீழ்வரை தாளில் வைத்துப் பார்த்தாள். அளக்க ஒரு புள்ளியும் இல்லை.

கடைச் சுவரில் மாதிரிப் படங்கள் மாட்டும் பலகை ஒன்று உண்டு. அதில் சிரித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு வெளுத்த பெண்ணை எடுத்துவிட்டு, தன் படத்தைக் குத்தினாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 3, செவ்வாய்
ஓடிய தாள்: 1,22,071
கோளாறு: இல்லை

மதியம் கூடலூரிலிருந்து ஓர் அம்மா, மாடிக்குப் போகும் வழியில் ஜெராக்சுக்காக நுழைந்தார். வினோதாவுக்கு இன்று லீவு, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து அப்போதுதான் கதவருகில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பலகையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு? நேர்லயும் இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

வினோதா அப்படியே நின்று என்னையே பார்த்தாள்.

"என் தங்கச்சி" என்றேன். "இப்படித்தான் இருப்பா. அந்தா நிக்கிறா, நீங்களே பாத்துக்கங்க."

அவர் திரும்பி வினோதாவைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

வினோதா டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "ஆறிப்போயிரும்க்கா, சாப்புடு" என்றாள்.